ஐயமும் தெளிவும்

காவல் என்னும் சொல் தமிழர் வாழ்வில் மிகத் தொன்மையானது. சங்கப் பாட்டாகிய மதுரைக்காஞ்சி, நள்ளிரவில் உறக்கத்தை வென்று தெருத்தோறும் திரிந்து கள்வரைத் தேடும் ஊர்காவலரை நமக்குக் காட்டுகிறது. இடைக்காலக் கல்வெட்டுகள் ‘பாடிகாவல்’ என்னும் பெயரால் ஊர்க்காவற் பொறுப்பையும், அதற்கென ஊரார் செலுத்திய வரியையும் குறிப்பிடுகின்றன. வள்ளுவப் பெருந்தகையோ பொருட்பாலில் ‘அரண்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஊர் என ஒன்று தோன்றிய நாள்முதல் அதனை எவ்வாறு காப்பது என்னும் கவலையும் உடன் தோன்றியது என்பதற்கு இவையெல்லாம் சான்றுகளாகும்.

அரண் என்னும் சொல்லோடு ஓசையால் நெருங்கி நிற்கும் பெயருடைய ஊர் ஆரணி. பெயர்ப்பொருள் ஆராய்ச்சி நமது நோக்கமன்று. ஆயினும் ஆரணிக்கு அரண் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 1751 திசம்பரில் இவ்வூரை அடுத்த களத்தில் இராபர்ட்டு கிளைவின் படை போரிட்டது. 1782 இல் ஐதர் அலியின் படைக்கலக் கிடங்காக விளங்கிய ஆரணிக் கோட்டையை நோக்கி ஆங்கிலத் தளபதி அயர் கூட் படை நடத்தி வந்தார். அகழியும் மதிலும் ஊரைக் காத்த காலம் அது. அக்காலம் கடந்துவிட்டது. இன்று நம் தெருக்களைக் காப்பது எது என்பதே நம்முன் நிற்கும் வினா.

நால்வர் கூடுமிடத்தில் இவ்வினா நாள்தோறும் எழுகிறது. பூட்டிய வீட்டில் திருட்டு, தனியே நடந்து செல்லும் பெண்ணின் கழுத்துச் சங்கிலி பறிப்பு, நிறுத்தி வைத்த இருசக்கர வண்டி காணாமற்போதல் ஆகியன பேசப்படுகின்றன. பேச்சின் முடிவில் பெரும்பாலும் இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, தெருமுனையில் கண்காணிப்புக் கேமரா. மற்றொன்று, ‘வெளியாட்களை உள்ளே விடக்கூடாது’ என்பது. முன்னதை நாம் மறுக்கவில்லை. குற்றம் நடந்தபின் குற்றவாளியைக் கண்டறிய அது பெரிதும் துணைபுரியும். பின்னதைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம். ஏனெனில் நம் வட்டாரத்தில் நான்கே ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகள், நாம் யாரைக் கண்டு அஞ்சுகிறோம், யாரைக் கண்டு அஞ்சாதிருக்கிறோம் என்பதை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்கின்றன.

தறித் தெருவின் காவல்

முதலில் நெசவாளர் தெருவின் இயல்பை நோக்குவோம். பட்டு நெசவு பிறர் உதவியின்றி நடைபெறாத தொழில். விடியற்காலையில் பாவினைத் தெருவின் நீளத்திற்கு விரித்துச் சீர் செய்யும்போது ஒரு வீட்டார் கை மட்டும் போதாது. அண்டை வீட்டார் வந்து பிடிக்க வேண்டும். இன்று இவர் பாவுக்கு அவர், நாளை அவர் பாவுக்கு இவர். கரையும் உடலும் வெவ்வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் தேவை. தார் சுற்றுவார் திண்ணையில் இருப்பார். குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் கண் நாடாவின்மேல் இருந்தாலும் செவி தெருவின்மேல் இருக்கும். இவ்வாறு பகல் முழுதும் ஆள் நடமாட்டமும் தறியோசையும் நிறைந்த தெருவில், புதியவர் ஒருவர் நுழைந்தால் ‘யார் வேண்டும்?’ என்று கேட்க யாரேனும் ஒருவர் இருந்தே தீர்வார். வழி தெரியாதவர்க்கு அக்கேள்வி உதவியாகும். தீய எண்ணத்தோடு வந்தவர்க்கு அதுவே தடையாகும். கூலியின்றிக் கிடைத்த காவல் இது.

தறிகள் ஓய்ந்து, இளைஞர்கள் சென்னைக்கும் ஒசூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலை தேடிச் சென்றுவிட, முதியோர் மட்டும் கதவடைத்து வாழும் தெருவில் அந்தக் காவல் தானே மெலிகிறது. இருக்கும் சிலரும் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் முன் அமர்ந்துவிடுகின்றனர். ‘யார் வேண்டும்?’ என்று கேட்கும் பழக்கம் மறைகிறது. அதன் இடத்தில் கேட்காமலே ஐயுறும் பழக்கம் குடியேறுகிறது. இம்மாற்றத்தின் கொடுமையை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

அத்திமூர்

‘ஆரணி ரோடு’ என்னும் தொடர்வண்டி நிலையம் களம்பூரில் இருப்பதை இப்பகுதியினர் அறிவர். அங்கிருந்து தெற்கே சென்றால் போளூர். போளூரை அடுத்தது அத்திமூர். 2018 ஆம் ஆண்டு மே 9 ஆம் நாள், சென்னையைச் சேர்ந்த அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர் உறவினருடன் மகிழுந்தில் அப்பக்கம் வந்தார். குலதெய்வக் கோயிலுக்குச் செல்வது அவர்கள் நோக்கம். இடையில் வழி கேட்டனர். அங்கிருந்த குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தனர். அதுவே அவர்கள் செய்த குற்றமாயிற்று. ‘பிள்ளை பிடிப்பவர்கள்’ என்னும் கூக்குரல் எழுந்தது. மக்கள் திரண்டனர். மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். உடன் வந்த நால்வர் படுகாயமுற்றனர். பின்னர்க் காவல்துறையினர் பலரைக் கைது செய்தனர்.

அம்மக்கள் கொடியவர்களா? அல்லர். நம்மைப் போன்றே உழைத்துண்பவர்கள். குழந்தைகளைப் பெற்று வளர்ப்பவர்கள். அதற்குமுன் சில வாரங்களாக வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ‘வட மாநிலத்தார் கூட்டமாக வந்து குழந்தைகளைக் கடத்துகின்றனர்’ என்னும் வதந்தி வாட்சப் வழியே கைப்பேசிதோறும் பரவியிருந்தது. காவல்துறை மறுத்தும் அது அடங்கவில்லை. அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் சுற்றிய காணொளி ஒன்றின் வரலாறு வியப்புக்குரியது. அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட படம். கடத்தப்பட்ட குழந்தை மீண்டும் ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதியை எவரோ வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சியதை உண்மைக் கடத்தல் என்று பரப்பினர். குழந்தைகளைக் காக்க எடுத்த படமே பெரியவர்களைக் கொல்லும் கருவியாயிற்று.

இத்தீ தமிழகத்தோடு நிற்கவில்லை. அதே ஆண்டு சூன் 8 ஆம் நாள் அசாமின் கர்பி ஆங்கலாங்கு மாவட்டத்தில் இரண்டு இளைஞர்களும், சூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் துலே மாவட்டத்தில் ஊர்ஊராய்த் திரிந்து பிழைக்கும் நாடோடிகள் ஐவரும் இதே ஐயத்தால் அடித்துக் கொல்லப்பட்டனர். அதன்பின்னரே வாட்சப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐவர்க்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பு விதித்தது. 2018 சூலை 17 இல் உச்ச நீதிமன்றம் கும்பற் கொலைகளைத் தடுக்க மாநிலங்கள் செய்ய வேண்டியவற்றை வகுத்துரைத்தது.

இங்கு ஒன்றை உற்று நோக்க வேண்டும். அத்திமூரில் அன்று குழந்தை எதுவும் கடத்தப்படவில்லை. குற்றத்திற்கு அஞ்சியவர்கள் இருந்தனர். அவர்கள் அஞ்சிய குற்றம் இல்லை. இல்லாத குற்றத்தைத் தடுக்கப் போய், உண்மையான கொலைக் குற்றம் ஒன்று நிகழ்ந்தது. அச்சம் தன் எல்லையைக் கடக்கும்போது அதுவே ஊரின் மிகப் பெரிய குற்றவாளியாகிவிடுகிறது.

சிலம்பு காட்டும் பாடம்

இத்தகைய துன்பம் தமிழர்க்குப் புதிதன்று. நம் முதற்காப்பியமே இதனைத்தான் பாடுகிறது. கோவலன் மதுரைக்குப் புதியவன். கையில் ஒரு சிலம்புடன் கடைவீதியில் நிற்கிறான். பொற்கொல்லனோ அரண்மனைக்கு நன்கு அறிமுகமானவன். அரசியின் சிலம்பைக் களவு செய்தவனும் அவனே. அறிமுகமானவன் சொல்லை மன்னன் ஆராயாது நம்பினான். புதியவனை ஆராயாது ஐயுற்றான். ஏவலர் சிலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு, ‘இவன் கள்வனாகத் தோன்றவில்லையே’ என்று தயங்கவும் செய்கின்றனர். அத்தயக்கம் நீடித்திருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஆனால் கள்வர்தம் தந்திரங்களை விரித்துரைத்து அவர்கள் அறிவை மயக்குகிறான் பொற்கொல்லன். கல்லாதவனும் களித்தவனுமான ஒருவன் விரைந்து வாளை வீசிவிடுகிறான்.

இளங்கோவடிகள் காட்டும் இக்காட்சியில் கும்பற் கொலையின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது. அயலான் ஒருவன், அவனைப் பற்றிய பொய்ச்செய்தி ஒன்று, தயங்கும் நல்லவர் சிலர், தயங்காத மூடன் ஒருவன். அத்திமூரில் சுற்றி நின்றவர்களுள்ளும் தயங்கியவர் சிலர் இருந்திருப்பர். தயக்கத்தை அவர்கள் குரலாக்கியிருந்தால் அந்நாளின் முடிவு வேறாகியிருக்கும் அன்றோ?

பூட்டை உடைக்காத திருட்டு

இனி இரண்டாவது நிகழ்ச்சிக்கு வருவோம். சென்னை அமைந்தகரையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஆரணி உள்ளிட்ட ஊர்களில் கிளை பரப்பிய ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்னும் நிறுவனம், மாதந்தோறும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை வட்டி தருவதாகக் கூறி மக்களிடம் பணம் திரட்டியது. 2020 செப்டம்பர் முதல் 2022 மே வரையில், ஏறத்தாழ ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் பேரிடமிருந்து 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகத் தமிழகக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு தெரிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். 2022 மே மாதம் சோதனைகள் நடைபெற்றன, வழக்குப் பதிவாயிற்று. அதே ஆண்டில் வேலூரை அடுத்த காட்பாடியிலிருந்து இயங்கிய மற்றொரு நிதி நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அதில் சிக்கிய தொகை ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய் எனக் கூறப்பட்டது.

இத்தொகைகளை நம் தெருவில் நிகழும் சங்கிலிப் பறிப்போடும் பூட்டுடைப்போடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை ஆண்டுகள் எத்தனை கள்வர் கன்னமிட்டால் இவ்வளவு பொருள் களவு போகும்! ஆயினும் இங்குக் கதவு உடைக்கப்படவில்லை; நாய் குரைக்கவில்லை; கண்காணிப்புக் கேமராவில் ஐயத்திற்குரிய முகம் எதுவும் பதியவில்லை. பணத்தைக் கொண்டு சென்று கொடுத்தவர்கள் நாமே.

இவ்வகைத் திட்டங்களின் உள்ளமைப்பு எளியது. பின்னர் வருவோர் செலுத்தும் முதலிலிருந்து முன்னர் வந்தோர்க்கு வட்டி தரப்படும். ஆகவே தொடக்கத்தில் சொன்ன நாளில் சொன்ன தொகை தவறாது வரும். பெற்றவர் மகிழ்ந்து தம் உறவினரை அழைத்து வருவார். புதியவர் வருகை குறையும் நாளில் கட்டடம் முழுதும் சரியும். 1920 இல் அமெரிக்காவின் பாசுடன் நகரில் சார்லசு பொன்சி என்பவர் நாற்பத்தைந்து நாளில் நூற்றுக்கு ஐம்பது இலாபம் என்று கூறி மக்களை ஏமாற்றியதும் இம்முறையால்தான். நூறாண்டு கடந்தும் முறை மாறவில்லை.

இத்திட்டத்தின் உயிர்நாடி எது என்று ஆராய்ந்தால், அது அறிமுகமே என்பது புலனாகும். முன்பின் அறியாதவன் வந்து கேட்டிருந்தால் நம் மக்கள் நூறு ரூபாயும் கொடுத்திருக்க மாட்டார்கள். கேட்டவர் மாமன் மகனாகவோ, பக்கத்து வீட்டு அண்ணனாகவோ, மகளுடன் படித்த தோழியாகவோ இருந்தார். அவர்களுள் பலர் தாமும் ஏமாந்தவர்களே. ஓய்வூதியம் இல்லாத தொழிலில் முதுமையை எண்ணி அஞ்சும் நெசவாளர்க்கும், பெருந்தொற்றுக் காலத்தில் திருமணங்கள் சுருங்கிப் பட்டு விற்பனை தளர்ந்தபோது கைப்பொருளைக் கரைத்த குடும்பங்களுக்கும், மகள் திருமணத்தை எண்ணிக் கலங்கும் பெற்றோர்க்கும் அந்த வாக்குறுதி எத்துணை இனிப்பாக இருந்திருக்கும்! அவர்களை நாம் பேராசைக்காரர் என்று இகழத் துணியோம். கற்றவரும் பதவியில் இருப்பவரும்கூட இத்தகைய வலைகளில் விழுந்துள்ளனர்.

தராசு எங்கே போயிற்று?

ஆயினும் ஒன்று நம்மை வருத்துகிறது. ஆரணிப் பட்டுத் தொழிலில் நம்பிக்கைக்கு என ஓர் ஒழுங்கு தலைமுறை தலைமுறையாக உண்டு. முதலாளி நெசவாளரிடம் பட்டு நூலையும் ஜரிகையையும் எடை போட்டுக் கொடுப்பார். நெய்து முடித்த சேலையை நெசவாளர் கொண்டுவந்தால் மீண்டும் எடை போட்டு வாங்குவார். இருவரும் இருபது ஆண்டு பழகியவராக இருக்கலாம். ஒருவர் வீட்டு நன்மை தீமைகளில் மற்றவர் முன்னிற்பவராக இருக்கலாம். இருந்தும் தராசு நடுவில் இருக்கும். அதனால் எவரும் மனம் புண்படுவதில்லை. எடையில் வேறுபாடு இல்லாதவரை உறவிலும் வேறுபாடு இல்லை. ஜரிகையின் தரம் ஐயத்திற்கு இடமானால் சோதனைக்கு அனுப்புவர். வாங்குவோர் ‘சில்க் மார்க்’ முத்திரை உண்டா என்று கேட்பர். கடைக்காரர் அதனைத் தவறாகக் கொள்வதில்லை.

கிராமுக்குக் கணக்குப் பார்க்கும் இவ்வூர், வாழ்நாட் சேமிப்பைக் கொடுக்கும்போது மட்டும் தராசைத் தள்ளி வைத்தது ஏன்? மாதம் நூற்றுக்கு முப்பது என்றால் ஆண்டுக்கு முந்நூற்று அறுபது. வங்கியில் ஆண்டுக்கு ஏழு கிடைத்தால் நிறைவு கொள்கிறோம். ஐம்பது மடங்கு மிகுதியாகத் தரும் தொழில் எது, அது என்ன விற்கிறது, எங்கே விற்கிறது என்னும் ஒரு வினாவே போதுமானதாக இருந்திருக்கும். அறிமுகமானவரிடம் அவ்வினாவை எழுப்புவது மரியாதைக் குறைவு என எண்ணினோம். அயலாரிடம் வினவத் தோன்றவில்லை. அறிந்தாரிடம் வினவ நாணினோம். இரண்டு துன்பங்களுக்கும் வேர் இதுவே.

அறிமுகத்தின் மறைவில் நிகழும் குற்றம் பணத்தோடு நின்றுவிடவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளைப் பார்ப்போர், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவர்க்கு முன்னரே தெரிந்தவர் என்பதைக் காண்பர். குடும்பத்தார், உறவினர், அண்டை வீட்டார், நண்பர், பணி தருவோர் என அப்பட்டியல் நீள்கிறது. நம் பிள்ளைகளுக்கு ‘தெரியாதவர் இனிப்பு கொடுத்தால் வாங்காதே’ என்று மட்டும் கற்பிக்கிறோம். தெரிந்தவர் தீங்கு செய்தால் எவரிடம் சொல்வது என்பதைக் கற்பிப்பதில்லை. 2012 இல் குழந்தைகளைப் பாலியற் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. 1098 என்னும் குழந்தை உதவி எண்ணும் உள்ளது. சட்டமும் எண்ணும் இருந்தாலும், குழந்தை சொல்வதை நம்பிக் கேட்கும் ஒரு தாயோ பாட்டியோ ஆசிரியரோ இல்லையெனில் அவை பயன்படா.

ஒரு மறுப்பும் விடையும்

‘அயலாரை ஐயுறாதீர் என்றால் கள்வர்க்குக் கதவைத் திறந்துவிட்டதாகாதா?’ என்று சிலர் வினவலாம். நேர்மையான வினா இது. திருட்டும் பறிப்பும் உண்மையில் நிகழ்கின்றன. அவற்றால் பாதிக்கப்பட்டோரின் துயரும் உண்மை. விழிப்போடிருத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் விழிப்பு வேறு, வெறுப்பு வேறு. விழிப்புடையவர் வினவுவார், விடை கிடைத்தால் வழி காட்டுவார், விடை பொருந்தவில்லையெனில் காவல் நிலையத்திற்குச் சொல்வார். கை நீட்டமாட்டார்.

சட்டமும் இதனையே வரையறுத்துள்ளது. பிணையில் விடத்தகாத பெருங்குற்றத்தைத் தம் கண்முன் செய்பவரைப் பொதுமக்களுள் ஒருவர் பிடிக்கலாம். ஆனால் காலந்தாழ்த்தாது, ஆறு மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அடிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி, இனம், சாதி, பிறப்பிடம், மொழி முதலியவற்றைக் காரணமாக்கி ஒருவரைக் கொன்றால், கூடிய ஒவ்வொருவர்க்கும் மரண தண்டனையோ வாழ்நாட் சிறையோ விதிக்கலாம் என்கிறது. ‘கூட்டத்தில் நானும் ஒருவன்தானே’ என்பது இனித் தற்காப்பாகாது.

அச்சம் எத்திசையிலும் பாயும் என்பதையும் மறத்தலாகாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்க் காணொளிகள் பரவின. தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். பீகாரிலிருந்து அலுவலர் குழு வந்து பார்த்துச் செய்தி பொய் என்பதை உணர்ந்தது. 2018 இல் வட மாநிலத்தார்பால் நமக்கு ஏற்பட்ட அச்சமும், 2023 இல் நம்பால் அவர்க்கு ஏற்பட்ட அச்சமும் ஒரே வகையான பொய்யின் பிள்ளைகளே.

ஊர் கூடிக் காத்தல்

மேலை நாட்டறிஞரும் இத்துறையை ஆராய்ந்துள்ளனர். நியூயார்க் நகரில் வாழ்ந்த சேன் சேக்கப்சு என்னும் பெண்மணி 1961 இல் வெளியிட்ட நகர வாழ்வு பற்றிய நூலில், தெருவை முதன்மையாகக் காப்பவை அத்தெருவில் வாழ்வோர், கடை வைத்திருப்போர் ஆகியோரின் கண்களே என்று விளக்கினார். நம் தறித் தெருவும் திண்ணையும் அவர் கூறியதற்கு இலக்கியமாய் நின்றவை. 1997 இல் சிகாகோ நகரின் 343 குடியிருப்புப் பகுதிகளில் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோரை வினவி மூன்று அறிஞர் வெளியிட்ட ஆய்வு, மற்றொரு உண்மையை நிறுவியது. வறுமை முதலிய பிற காரணங்களைக் கணக்கிற்கொண்ட பின்னும், அண்டை அயலார் ஒருவரையொருவர் நம்பிப் பொதுநன்மைக்காகத் தலையிட முன்வரும் பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது என்பதே அது. ஆக, தயங்கும் நல்லவர் வாய்திறக்கும் தெருவே பாதுகாப்பான தெரு.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கவை யாவை? பெருந்திட்டங்கள் தேவையில்லை. தெருவுக்கு நால்வர் போதும்.

வழி கேட்டு வருவோர்க்கு மறுமொழி கூறி, இயன்றால் உடன் நடந்து சென்று சேர்த்துவிட்டு வரும் பழைய பண்பை மீட்டெடுத்தல் வேண்டும். உடன் செல்பவர் விருந்தோம்பலும் செய்கிறார்; காவலும் செய்கிறார். அச்சமூட்டும் செய்தி கைப்பேசியில் வந்தால், எந்த ஊர், எந்த நாள், யார் சொன்னது என்னும் மூன்றுக்கும் விடை இல்லாதவரை அடுத்தவர்க்கு அனுப்புதல் கூடாது. பணம் கேட்டு வருபவர் எத்துணை நெருங்கியவராயினும் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். சீட்டு எனில் 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றதா? வைப்புத்தொகை எனில் அதனைப் பெற அந்நிறுவனத்திற்கு உரிய அமைப்பின் இசைவு உண்டா? பற்றுச்சீட்டு யார் பெயரில் தரப்படுகிறது? வட்டி எந்தத் தொழிலின் வருவாயிலிருந்து வருகிறது? முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்களை 2019 ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் அறவே தடை செய்கிறது. ஏமாந்தோர் முறையிட 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டமும் துணைநிற்கிறது. காவல் அதிகாரி என்றும் வங்கி அலுவலர் என்றும் கூறித் தொலைபேசியில் பணம் பறிப்போரிடம் சிக்கியவர், நாணிக் காலங்கழிக்காது 1930 என்னும் எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை இடைமறித்து நிறுத்த வாய்ப்பு மிகுதி.

இப்பணியில் மாணவச் செல்வங்களுக்குச் சிறப்பான பங்குண்டு. தமிழ் பயில்வோரின் தொழில் என்ன? ஒரு சொல்லை எடுத்து, இது பாடமா, பாடவேறுபாடா, இடைச்செருகலா என்று ஆராய்வது. ஓலைச்சுவடியின் ஒரெழுத்தையும் ஒப்புநோக்காது ஏற்காத பதிப்பாசிரியர் மரபு நம்முடையது. அந்த மரபைக் கைப்பேசிச் செய்திக்கும், கவர்ச்சியான வட்டி விளம்பரத்திற்கும் பயன்படுத்தினால் என்ன? படிக்கத் தெரியாத பாட்டிக்கு விளம்பரத்தின் அடியில் உள்ள சிற்றெழுத்தைப் படித்துக் காட்டுவதும், தந்தை அனுப்பப் போகும் வதந்தியின் வெட்டப்பட்ட பகுதியைத் தேடிக் காட்டுவதும் தமிழ்த் தொண்டே ஆகும்.

வள்ளுவர் ‘அரண்’ எழுதுவதற்கு நெடுமுன்னரே ‘தெரிந்து தெளிதல்’ என்னும் அதிகாரத்தை வைத்தார். ஆள்பவர்க்கு உரைத்த அந்நெறி, இன்று ஒவ்வொரு வாக்காளரும் ஆள்பவராகிவிட்ட மக்களாட்சியில் ஒவ்வொரு தெருவுக்கும் உரியது. யாரை நம்புவது, யாரை ஐயுறுவது என்பதை முகத்தைக் கண்டும் மொழியைக் கேட்டும் முடிவு செய்தால் கோவலன்கள் மீண்டும் மீண்டும் வெட்டுண்பர்; பொற்கொல்லர்கள் மீண்டும் மீண்டும் தப்புவர். ஆராய்ந்து முடிவு செய்தால் வழி கேட்டு வரும் மூதாட்டி தம் குலதெய்வத்தைக் கண்டு நலமே திரும்புவார். முதிய நெசவாளரின் சேமிப்பும் அவர் பெட்டியிலேயே இருக்கும்.

அந்நாள் ஆரணிக்கும் அதனைச் சூழ்ந்த ஊர்களுக்கும் வாய்க்க வேண்டும். எடை போட்டுக் கொடுத்து எடை போட்டு வாங்கும் தராசை நாம் பட்டுக்கு மட்டும் வைத்திராமல், சொல்லுக்கும் பணத்துக்கும் மனிதர்க்கும் வைப்போமாக!